19 அங்குல மழையில் கோதுமை விளையுமா? (ஷெர்மன் கவுண்டி, மேற்குக் கன்சஸ்)

கேள்வி, 2 மார்ச் 2025

மகளுக்கு மேற்குக் கன்சஸில் ஷெர்மன் கவுண்டி என்ற இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஆண்டு மழை 19 அங்குலம், அதாவது 480 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. நம் தூத்துக்குடி மாவட்டத்திலேயே இதைவிடக் கூடுதல். எனக்கென்னவோ அது பாலைவனம் என்றுதான் படுகிறது. ஆனால் தண்ணீர் பாய்ச்சாமலே கோதுமை எடுக்கிறார்கள் என்கிறார்கள். எப்படி முடியும்? அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

3 மார்ச்

பாலைவனம் இல்லை. அந்தக் கவுண்டியின் தலைநகரான குட்லாண்டில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. ஆனால் இந்த மாவட்டத்தில் ஆறாயிரம் பேர்கூட இல்லை. நான் பிறந்தது கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் ஊர். அப்பா மானாவாரி விவசாயி. வானத்தைப் பார்த்து விதைக்கிறவர்கள் வீட்டில் வளர்ந்ததால் உங்கள் கேள்வி எனக்கு நன்றாகவே புரிகிறது.

19 அங்குலம் சரியான கணக்குதான். ஆனால் அதை வைத்து இந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. சராசரியாகப் பெய்த வருஷம் ஒன்றைக்கூட நான் இங்கே பார்க்கவில்லை. எந்த மாதம் பெய்தது, எந்தத் திசைக் காற்றில் பெய்தது, பெய்ததில் மண்ணுக்குள் எவ்வளவு நின்றது என்று மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

முதல் கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடலாம். முக்கால்வாசிக்கு மேல் ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் நடுவில் விழுந்துவிடும். பயிர் கேட்கிற நேரத்தில் வருகிறது. நம்மூர் ஐப்பசி, கார்த்திகையில் நாலைந்து நாளில் கொட்டித் தீர்ப்பதுபோல இல்லை. குளிர்காலத்தில் வருவது கொஞ்சம் பனிதான்.

4 மார்ச்

கன்சஸ் என்றாலே தட்டை நிலம் என்பார்கள். தட்டைதான், ஆனால் சாய்ந்திருக்கிற தட்டு. தென்கிழக்கு மூலையில் கடல்மட்டத்துக்கு மேல் 700 அடிகூடக் கிடையாது. மேற்குக் கோடியில், எங்களுக்குத் தெற்கே அடுத்த வாலஸ் கவுண்டியில் மவுண்ட் சன்ஃபிளவர் 4,039 அடி. மாநிலத்தின் உச்சி அதுதான். மலை என்று நினைத்துப் போகாதீர்கள். மேய்ச்சல் நிலத்தில் ஒரு மேடு, அவ்வளவே. குட்லாண்ட் 3,700 அடியில் இருக்கிறது. ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது. நாள் முழுக்கக் கார் ஓட்டினாலும் ஏறுவதாகவே தோன்றாது.

மழையும் அதே சாய்வில்தான். கிழக்குக் கோடியில் 40 அங்குலத்தைத் தாண்டும். இங்கே அதில் பாதிகூட இல்லை. மேற்கே ராக்கி மலைகள் பசிபிக் ஈரத்தை வழியிலேயே பிழிந்துகொள்கின்றன. குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது கோவில்பட்டியில் வெறும் காற்று வீசுமே, அதே கதை. அங்கே பொதிகை மலை, இங்கே ராக்கி.

உயரத்தால் இன்னொன்றும் உண்டு. காற்று உலர்ந்தது, மெலிந்தது. பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி அப்படியே விட்டுவிடும். ஜூலையில் பகல் 32, 33 டிகிரி சாதாரணம், 40ஐத் தாண்டும் நாட்களும் வரும். ஆனால் விடியற்காலையில் போர்வை தேடுவீர்கள். பகலுக்கும் இரவுக்கும் 16, 17 டிகிரி வித்தியாசம் தினசரி விஷயம். ஜனவரி இரவில் சாதாரணமாக −8, −9 இருக்கும். −25க்குக் கீழே போனதையும் பார்த்திருக்கிறேன்.

மகளிடம் சொல்லுங்கள்: ஜூலையிலும் காரில் ஒரு ஸ்வெட்டர் கிடக்கட்டும்.

9 மார்ச்

ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார்: "ராக்கி மறைக்கிறது என்கிறீர்கள். அப்புறம் மழை எங்கிருந்து வருகிறது?" மேற்கிலிருந்து என்று அவசரத்தில் பதில் எழுதிவிட்டேன். அது பாதிதான் சரி, இங்கே திருத்துகிறேன்.

இடிமேகம் மேற்கிலிருந்துதான் வரும். கோடையில் மத்தியானம் கொலராடோ மலையடிவாரத்தில் பிறந்து, சமவெளியில் இறங்கி, சாயங்காலமோ ராத்திரியோ எங்களிடம் வந்து சேரும். ஆனால் அந்த மேகம் குடிக்கிற தண்ணீர் மேற்கத்தியது இல்லை. மெக்சிகோ வளைகுடாவின் ஈரம் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் தரையோடு தரையாக வருகிறது. ராத்திரியில் அந்தத் தெற்குக் காற்று வலுக்கும். அதனால்தான் இங்கே இடி பெரும்பாலும் இருட்டிய பிறகு.

காற்று கிழக்கே திரும்பினால் இன்னும் விசேஷம். கிழக்குக் காற்று இந்தச் சாய்வில் மேல்நோக்கி ஏறியாக வேண்டும். ஏறினால் குளிரும், குளிர்ந்தால் மேகம், தூறல், குளிர்காலமானால் பனி. மேற்குக் காற்று இறங்குகிற காற்று. இறங்க இறங்கச் சூடாகி, உலர்ந்து, கிடக்கிற பனியையும் உறிஞ்சிவிடும். சினூக் என்பது அதுதான். அது எவ்வளவு வேகமாகச் சூடேற்றும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1943 ஜனவரி 22 அன்று தெற்கு டகோட்டாவில் ஸ்பியர்ஃபிஷ் என்ற ஊரில் இரண்டே நிமிஷத்தில் −20 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்கு ஏறியது.

இதை அப்பாவிடம் ஃபோனில் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "கொண்டல் அடிச்சாத்தானம்மா மழை. மேகாத்து அடிச்சா காயும். இது தெரிய அமெரிக்கா போகணுமா?" என்றார். அவர் சொல்லும் கொண்டல் வங்கக் கடலிலிருந்து வரும் கிழக்குக் காற்று, மேகாத்து மேற்குக் காற்று. இங்கே வருவது வளைகுடா ஈரம். காரணம் வேறாக இருந்தாலும் அவருடைய விதி இங்கே அப்படியே பொருந்துகிறது. அன்றிலிருந்து வாசலில் இறங்கியதும் முதலில் திசைதான் பார்க்கிறேன்.

16 மார்ச்

நிறையப் பேர் நலம் விசாரித்திருந்தீர்கள். வீட்டில் எல்லோரும் பத்திரம்.

14ஆம் தேதி மத்தியானம் நடந்தது செய்தியில் வந்துவிட்டது. பெரும் காற்று, புழுதி. எங்கள் கவுண்டிக்குள்ளேயே ஐ-70 நெடுஞ்சாலையில் 71 வண்டிகள் மோதிக்கொண்டன. எட்டுப் பேர் இறந்தார்கள்.

நான் வேலையில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பழுப்பு நிறம் மட்டும்தான். எதிர்க் கட்டடம் தெரியவில்லை.

இன்றைக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

23 மார்ச்

போன வாரம் எழுத முடியாததை இப்போது எழுதுகிறேன், மகள் இந்தச் சாலையில்தான் ஓட்டப்போகிறாள் என்பதால்.

ஐந்து வருஷம் முன்பு நானே ஒரு புழுதிச் சுவருக்குள் போய்விட்டேன். தூரத்தில் பழுப்பாக ஒரு திரை தெரிந்தது. கடந்துவிடலாம் என்று நினைத்தேன். உள்ளே நுழைந்த மூன்றாவது விநாடியில் காரின் பானெட்டே தெரியவில்லை. பயத்தில் பிரேக்கை மிதித்து, சாலையின் மேலேயே நின்றுவிட்டேன். அதுதான் செய்யக்கூடாதது. பின்னால் வருகிறவருக்கும் கண் தெரியாது. அன்று பின்னால் யாரும் வரவில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லித்தருவது இது. திரையைக் கண்டால் உள்ளே போகாதே. மாட்டிக்கொண்டால் சாலையை விட்டு முடிந்த அளவு விலகி நிறுத்து. எல்லா விளக்கையும் அணை. ஹேண்ட்பிரேக்கைப் போடு. கால் பிரேக்கின் மேல் இருக்கக்கூடாது. விளக்கு எரிந்தால், பின்னால் வருகிறவர் அதைச் சாலை என்று நம்பி உன்மேலேயே வந்து ஏறுவார். விளக்கை அணைக்கச் சொல்வது முதலில் யாருக்கும் ஒப்பாது. ஆனால் அதுதான் உயிரைக் காப்பது.

பனிப்புயலில் ஐ-70ஐ மூடிவிடுவார்கள், சாலைக்குக் குறுக்கே கேட்டே இருக்கிறது. கேட் சாத்தினால் ஊரில் மோட்டல் நிறைந்துவிடும். புழுதி அந்த அவகாசம் தருவதில்லை.

14 ஏப்ரல்

இன்றோடு சரியாக 90 வருஷம். 1935 ஏப்ரல் 14, பெரும் புழுதிப்புயல் அடித்த கறுப்பு ஞாயிறு. அதன் நடுமையம் எங்களுக்குத் தெற்கே, கன்சஸின் தென்மேற்கு மூலையும் ஓக்லஹோமாவின் வால்பகுதியும். பகல் இருட்டாகி, பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாமல் போனது. புழுதியில் உரசி உரசி மின்சாரம் ஏறி, கார் இஞ்சின் நின்றுபோகும். அதனால் கார்களுக்குப் பின்னால் தரையில் உரசும்படி சங்கிலி கட்டி இழுத்தார்கள். அந்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றம் மண் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது.

வறட்சி மட்டும் அதற்குக் காரணம் இல்லை. 1950களில் வறட்சி வந்தது, 2002இல், 2012இல் வந்தது. ஆனால் 30களுக்கு முந்தின இருபது வருஷத்தில், வேர்பிடித்து நின்ற புல்லை உழுது புரட்டியிருந்தார்கள். மழை நின்றதும் மண்ணைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. "ஏர் போகும் இடமெல்லாம் மழையும் பின்னால் வரும்" என்று 1880களில் நம்பவைத்துத்தான் குடியேற்றினார்கள். சில நல்ல வருஷங்கள் அமைந்தன, ஜனம் நம்பியது. சராசரியை நம்பியதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

11 மே

குழுவில் யாரோ செயற்கை மழை பற்றிப் பேச்சை எடுத்தீர்கள். அதில் எங்கள் ஊருக்குப் பழைய உறவு உண்டு.

1891இல் குட்லாண்ட் பொருட்காட்சிக்கு ஃபிராங்க் மெல்போர்ன் என்பவரை வரவழைத்தார்கள். மழை வரவைப்பவர் என்று பேர் பெற்றவர். மைதானத்தில் அவருக்கென்று ஒரு கொட்டகை. உள்ளே ஏதோ ரசாயனம் புகையவிடுவார், யாருக்கும் காட்டமாட்டார். கேட்ட இடத்தில் மழை வரவில்லை. ஆனால் வேறெங்கோ பெய்தது. அதுவே போதுமானதாக இருந்தது. சீக்கிரமே இந்தச் சின்ன ஊரில் மூன்று மழைக் கம்பெனிகள் முளைத்தன. 1893இல் ராக் ஐலண்ட் ரயில்வேயின் ஊழியர் ஜூவல் என்பவர் ரசாயனங்களைச் சரக்குப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார், ரயில்வேயே உதவியது.

எனக்கு அந்த ஜனங்கள் மேல் இரக்கம்தான் வருகிறது. விதைத்தது கண்முன்னால் கருகும்போது மனிதர்கள் எதைத்தான் செய்யமாட்டார்கள்? எங்கள் ஊரில் கொடும்பாவி கட்டித் தெருவெல்லாம் இழுத்து ஒப்பாரி வைத்ததை நான் சிறுமியாகப் பார்த்திருக்கிறேன். பாட்டி நிஜமாகவே அழுதாள்.

12 மே

நேற்று எழுதியதில் "வேறெங்கோ பெய்தது" என்ற வரியை ராத்திரி நினைத்துக்கொண்டே படுத்தேன். இந்த ஊரின் மழையை அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

வீட்டுப் பின்புறம் மழைமானி வைத்திருக்கிறேன். 4 அங்குல அகலக் குழாய். கோகோராஸ் என்ற தன்னார்வலர் வலையமைப்புக்காகத் தினமும் காலை 7 மணிக்கு அளந்து அனுப்ப வேண்டும். அது 1998இல் கொலராடோவில் தொடங்கியது. அதற்கு முந்தின வருஷம் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் ஒரு பக்கம் வெள்ளம், சில மைல் தள்ளி மிதமான மழை. இடைவெளியில் என்ன நடந்தது என்று அளக்க ஆள் இல்லை என்பதால்தான் பொதுமக்களையே அளக்கச் சொன்னார்கள். மழையே இல்லாத நாளிலும் பூஜ்யம் என்று அனுப்ப வேண்டும். வருஷத்தில் பெரும்பாலான காலைகளில் நான் அனுப்புவது பூஜ்யம்தான்.

(7 மணி என்றால் மலைநேரம். கன்சஸின் 105 கவுண்டிகளில் எங்களையும் சேர்த்து நான்கு மட்டும் மற்றவர்களைவிட ஒரு மணி நேரம் பின்னால். மகள் கிழக்குப் பக்கம் யாரோடாவது ஃபோனில் பேச நேரம் குறித்தால் இது ஞாபகம் இருக்கட்டும்.)

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் எழுபத்தெட்டு வயது, கோதுமை விவசாயி. அவருடைய மானி என் மானியிலிருந்து முக்கால் மைல். ஒரு ஜூன் ராத்திரி என்னிடம் ஒன்றே கால் அங்குலம், அவரிடம் அடி நனையவில்லை. காலையில் வேலியோரம் வந்து நின்று என் குழாயைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு போனார். எனக்குத்தான் குற்றவாளி மாதிரி இருந்தது.

மழை கண்ணுக்குத் தெரிந்தும் தரைக்கு வராத நாளும் உண்டு. மேகத்தின் அடி வெகு உயரம், கீழே காற்று உலர்ந்தது. மேகத்திலிருந்து தாடிபோலத் தொங்கும், பாதியிலேயே காய்ந்துவிடும். ஆவியாகும்போது குளிர்ந்து கனத்த காற்று மட்டும் தரையில் வந்து மோதும். மழைக்குப் பதில் புழுதி கிடைக்கும்.

31 மே

ஏப்ரல் 14இல் எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். அன்று விட்டுவிட்டேன்.

கறுப்பு ஞாயிறுக்கு 46 நாள் கழித்து, 1935 மே 30 அன்று, எங்களுக்கு மேற்கே கிழக்குக் கொலராடோவில் பேய்மழை கொட்டியது. ரிப்பப்ளிகன் ஆறு பெருகி, கொலராடோ, கன்சஸ், நெப்ராஸ்கா வழியாக அடித்துக்கொண்டு போனது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பகுதி நெப்ராஸ்காவில். நூற்றாண்டின் மோசமான வறட்சியும் மோசமான வெள்ளமும் ஒரே வசந்தத்தில், ஒரே நிலத்தில். இரண்டையும் கூட்டி வகுத்தால் வருவதற்குப் பெயர் சராசரி.

17 ஜூன்

ஆலங்கட்டி பற்றிக் கேட்டவருக்கு.

அமெரிக்காவிலேயே ஆலங்கட்டி அதிகம் விழும் பட்டை இது. தரையே உயரத்தில் இருப்பதால், மேகத்தில் உறைநிலை நம் தலைக்கு அருகில். கட்டி கீழே வருவதற்குள் கரைய நேரம் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், எங்களை ஒட்டிய கிட் கார்சன் கவுண்டியில் 2019 ஆகஸ்ட் 13 அன்று 4.83 அங்குலக் கட்டி விழுந்து கொலராடோவின் சாதனையானது. நான்கே வருஷத்தில், 2023 ஆகஸ்டில், யூமா கவுண்டியில் 5.25 அங்குலம் விழுந்து அதையும் முறியடித்தது. தேங்காயை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் விவசாயியைக் கொல்வது சாதனைக் கட்டி இல்லை. ஜூன் கடைசியில் கதிர் முற்றித் தலை தொங்கும்போது கோலிக்குண்டு அளவில் பத்து நிமிஷம் பெய்தால் போதும். ஒரு வருஷம் பெரியவரின் வயல் ஒன்றில் அதைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அறுவடை இயந்திரம் வர இருந்தது. புதன் சாயங்காலம் அடித்தது. தாள் மட்டும் நின்றது, மணி எல்லாம் மண்ணில். ஈரமண் வாசனையோடு கோதுமை வாசனையும் கலந்து ஊரே மணந்தது. அந்த வாசனை எனக்கு இப்போதும் பிடிப்பதில்லை.

அந்தப் பத்து நிமிஷத்தில் என் மானியில் விழுந்தது முக்கால் அங்குலம். வருஷக் கணக்கில் அது நல்ல மழையாகத்தான் சேர்ந்தது.

9 ஜூலை

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். மண்ணில் எவ்வளவு நிற்கிறது?

இந்த வெயிலும் காற்றும் திறந்த நீர்நிலையிலிருந்து ஆண்டுக்குக் குடிப்பது மழையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அதனால் பெய்த மழையில் விளைவிக்க முடியாது, சேர்த்த மழையில்தான் முடியும். குளிர்காலக் கோதுமையைச் செப்டம்பரில் விதைத்து, பனிக்குள் உறங்கவிட்டு, ஜூன் கடைசி, ஜூலையில் அறுக்கிறார்கள். பிறகு அடுத்த வருஷம் செப்டம்பர் வரை அந்த நிலம் தரிசு. அதாவது இரண்டு வருஷ மழையில் ஒரு வெள்ளாமை. இப்போது பலர் நடுவில் மக்காச்சோளமோ மைலோவோ போட்டு மூன்று வருஷத்தில் இரண்டு எடுக்கிறார்கள். மைலோ வேறொன்றும் இல்லை, நம் கரிசல் சோளத்தின் உறவுதான். முதல் தடவை வயலில் பார்த்தபோது காரை நிறுத்திவிட்டு இறங்கி ஒரு கதிரைத் தொட்டுப்பார்த்தேன்.

தரிசில் சும்மா கிடப்பதில்லை. அறுத்த தாளை உயரமாக அப்படியே நிற்கவிடுவார்கள். குளிர்காலத்தில் காற்றோடு ஓடுகிற பனியை அது பிடித்துவைக்கும், மண்ணுக்கு நிழல் கொடுக்கும். அப்படியும் தரிசில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்கு நின்றால் பெரிது. என் அப்பா கோடை உழவு போட்டு மண்ணை வாய் திறந்துவைப்பார். இங்கே உழவே கூடாது என்கிறார்கள். இரண்டுமே அவரவர் மண்ணில், அவரவர் மழைக்குச் சரி.

பம்பு வைத்துப் பாய்ச்சுகிறவர்களும் உண்டு. வானத்திலிருந்து பார்த்தால் பச்சை வட்டங்கள் தெரியும். அது ஓகலாலா நிலத்தடி நீர். மேற்குக் கன்சஸில் ஆண்டுக்கு ஓர் அங்குலம்கூட ஊறாத இடங்களில் பல மடங்கு எடுக்கிறார்கள். கிழக்கே ஷெரிடன், தாமஸ் கவுண்டிகளில் ஒரு பகுதி விவசாயிகள் 2013இல் தாங்களே கூடிப் பேசி, ஐந்து வருஷத்துக்கு 55 அங்குலத் தண்ணீர் மட்டும் பாய்ச்சுவது என்று வரம்பு போட்டுக்கொண்டார்கள். வருமானம் பெரிதாக விழவில்லை. இதைப் பற்றித் தனி இழையே வேண்டும்.

21 செப்டம்பர்

உங்கள் மகள் வந்து சேர்ந்துவிட்டாள், போன ஞாயிறு எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். ஸ்வெட்டர் கொண்டுவந்திருக்கிறாள்.

சாப்பாடு முடிந்ததும் பெரியவர் வயலுக்கு அவளைக் கூட்டிப்போனேன். அவர் விதைப்புக்கு முன்னால் எப்போதும் செய்வதைச் செய்தார். நுனியில் குண்டு வைத்த ஓர் இரும்புக் கம்பி, மேலே கைப்பிடி. தரிசுத் தாள்களுக்கு நடுவில் ஊன்றி, உடல் பாரத்தைக் கொடுத்து அழுத்தினார். ஈரம் இருக்கும்வரை கம்பி இறங்கும், காய்ந்த மண்ணில் நின்றுவிடும். உங்கள் மகளிடம் கொடுத்து அழுத்தச் சொன்னார். முதலில் தயங்கினாள், பிறகு இரண்டு கையாலும் அழுத்தினாள்.

மூன்றரை அடி இறங்கியது. வயலின் மேற்கு ஓரத்தில் இரண்டடிதான்.

திங்கள்கிழமை விதைக்கப் போவதாகச் சொன்னார். மேற்கு ஓரத்தை விட்டுவிடுவாராம்.